பிரேக் விடுபடும் நேரம்

கதவு மூடி, பிரேக் விடுபட்ட பிறகுதான்
எங்கள் கூலிக்கான கடிகாரம் ஓடத் தொடங்கும்.

அதற்கு முன்னால் நடந்தது எதுவும் கணக்கில் வராது.
மினியாபோலிஸின் மைனஸ் இருபத்தாறில்
டார்ச் அடித்துச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தது,
இறக்கை விளிம்பில் பனி ஒட்டியிருக்கிறதா என்று
கையுறையைக் கழற்றித் தடவியது,
எரிபொருள் லாரி வராமல் நின்றது,
மூன்றாம் வரிசையில் குழந்தையோடு இருந்தவளிடம்
'இதோ கிளம்பிடுவோம்' என்று சொன்னது.
பொய்க்கும் சம்பளம் கிடையாது.

பழைய ஒப்பந்தத்தின் தேதி போய் நாலு வருடம்.
'நம்ம ஒப்பந்தம் சாகாது,
திருத்தத்தக்கது ஆகும், அவ்வளவுதான்' என்கிறாள்
சங்கத்தின் ரெனாட்டா ஓபர்ஹோல்ட்ஸர்.
சாகவும் விடாமல் திருத்தவும் விடாமல்
நாலு குளிர்காலம்.

ஓடுபாதைக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு.
பதினொரு விமானிகள், ஆறு அடுக்குக் கட்டில்கள்.
ஃபிரிட்ஜில் ஒவ்வொரு முட்டை மேலும்
ஒரு பெயரின் முதலெழுத்து.
இரவில் யாராவது இருட்டில் கேட்பார்கள்:
வந்தால் என்ன செய்வாய்?

காத்திருப்புப் பணியில் இரண்டு மணி நேர அழைப்பு
மூன்றாக வேண்டும் பிரிசில்லாவுக்கு.
அந்த ஒரு மணிக்குள்
மகளின் நீச்சல் வகுப்பு அடங்கிவிடுமாம்.
டாவோ பணம் கேட்கவில்லை,
ஃபார்கோவில் சரக்கு ரயில் கத்தாத
ஹோட்டல் போதும் என்கிறான்.
நான் கேட்பது சின்னது.
வேலைக்கு வந்தால் வந்ததாக எழுதுங்கள்.

கேப்டன் லைல் ட்ரிக்ஸ்டாட் எதுவும் கேட்கவில்லை.
மார்ச் ஒன்பதில் அவருக்கு அறுபத்தைந்து.
வாக்கெடுப்பு முடிவது இருபதாம் தேதி.

ஆனாலும் மறியலுக்கு வந்தார்.
தொப்பி நேராக, ஷூ பளபளக்க,
இரண்டிரண்டு பேராக, வாய் திறக்காமல்
புறப்பாட்டு வாசலின் முன் நடந்தோம்.
ஒரு பயணி காரிலிருந்து இறங்கி
'உங்களுக்கு இன்னும் என்ன குறைச்சல்?' என்றார்.
லைல் அவருடைய பெட்டியை
நடைபாதை மேல் தூக்கி வைத்துவிட்டு
மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டார்.

உத்தேச உடன்பாடு வந்தது, அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பிஸ்மார்க்கில் பாதி, டுலூத்தில் மீதி என்று படித்தோம்.
சம்பளப் பட்டியலைப் பார்த்து டாவோ விசிலடித்தான்.
பக்கம் முந்நூற்று நாற்பதில்
'முடிந்தவரை' என்று ஒரு சொல்.
அந்தச் சொல்லுக்குள் நிர்வாகம்
ஒரு முழு விமானத்தையே நிறுத்திவைக்கும்.
பிரிசில்லாவின் மூன்றாவது மணி
அதற்குள்தான் இருந்தது.

மார்ச் எட்டு. லைலின் கடைசிப் பயணம்,
பக்கத்து இருக்கையில் நான்.
தண்ணீர் பீய்ச்சி வழியனுப்புவது வழக்கம்.
அன்று பீய்ச்சினால் கண்ணாடியிலேயே உறையும் என்று
தீயணைப்பு வண்டிகள் விளக்கை மட்டும் சுழற்றின.
சிவப்பு அவர் முகத்தில் ஏறி ஏறி இறங்கியது.

பணிமூப்புப் பட்டியலில் என் எண் 1412.
நாளை விடிந்தால் 1411.
என் முன்னேற்றம் முழுவதும்
இப்படி யாரோ எழுந்து போவதுதான்.
வாழ்த்தா வருத்தமா என்று தெரியாமல்
இறங்கும் முன் சரிபார்க்கும் பட்டியலை
வழக்கத்தைவிடச் சத்தமாக வாசித்தேன்.

கேட் வந்தது. பிரேக்கைப் போட்டார்.
கதவு திறந்தது, கடிகாரம் நின்றது.

கடைசிப் பயணியும் போன பிறகு
சட்டைக் கைநுனியால்
கருவிப் பலகையின் தூசியைத் துடைத்தார்,
மெதுவாக, ஒவ்வொரு குமிழாக.
'ஆம் என்று போடுவாயா?' என்றார்.
'இன்னும் படிக்கிறேன்' என்றேன்.
'படி' என்றார்.

பதினேழு நிமிடம் எழவில்லை, நானும்தான்.
துப்புரவுக்கு வந்த பெண்
வாக்குவம் கிளீனரைப் பிடித்தபடி
வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.
அவளுடைய பதினேழு நிமிடத்தை
யார் எழுதுகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை.